ஒரு மயிரிழை மேலே

என் அக்காவின் கணவர் கிர்கிஸ் கெய்ரோவில் முப்பது வருடத்துக்கு மேல் ஊத் என்ற தந்தி வாத்தியம் வாசித்தார். அத்தனை வருடமும் அவருடைய ஒரு சுரம் மயிரிழை அளவு மேலே இருந்தது. இது அவரோடு வாசித்த எல்லோருக்கும் தெரியும். கல்யாணங்களில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். குடும்பத்தில் தெரியாதவர்கள் இரண்டு பேர்தான், அவரும் நானும். எனக்குச் சங்கீதத்தில் காது கிடையாது. அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. செய்தித்தாளில் நாங்கள் கொடுத்த மூன்று வரி அறிவிப்பில் அவரை 'கிட்டார் கலைஞர்' என்று போட்டுவிட்டார்கள். அதைத் திருத்தவாவது யாராவது எழுத வேண்டும்.

அவருடைய பழைய பெயர் யோரிஸ். பெல்ஜியத்தில் மெக்கலன் என்ற ஊரில் சைக்கிள் கடைக்காரரின் மகன். இருபத்தாறு வயதில் நைல் கரையில் ஒரு ஹோட்டலில் ஆறு மாத ஒப்பந்தத்துக்குக் கிட்டார் வாசிக்க வந்தார். சூரியன் மறையும் நேரத்தில், சுற்றுலாப் பயணிகள் மீன் சாப்பிடும்போது, யாரையும் தொந்தரவு செய்யாத விதமாக வாசிப்பது வேலை. அதே ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊர் வாத்தியக் குழு ஒன்று உண்டு. அதில் ஊத் வாசிக்கிறவர் வியாழக்கிழமைகளில் வர மாட்டார், கல்யாணங்களுக்குப் போய்விடுவார். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பது மேலாளருக்குப் பிடிக்கவில்லை. யோரிஸைக் கூப்பிட்டார்.

"உனக்குத் தந்தி வாத்தியம் தெரியும்ல?"

"கிட்டார் தெரியும்."

"தந்தி தந்திதானே. இதை மடியில வெச்சுக்கிட்டு உக்காரு. வாசிக்காதே. தலையை மட்டும் ஆட்டு."

ஆக, ஊத் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அதை வாசிக்காமல் இருப்பது. பல வியாழக்கிழமைகள் தலையாட்டினார். ஒரு ஜெர்மன் தம்பதி அவரிடம் வந்து, ஆழமாக வாசிக்கிறீர்கள் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அந்த வெட்கம் தாங்காமல்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன் என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்திருக்கும். எந்தச் சுரம் எங்கே என்று அவை சொல்லிவிடும். ஊத்தின் கழுத்து வழவழப்பாக இருக்கும். விரலை எங்கே வைப்பது என்று காதுதான் சொல்ல வேண்டும். பழகாதவனுக்கு அது கைப்பிடி இல்லாத மாடிப்படி. யோரிஸ் சைக்கிள் கடைக்காரர் மகன் என்ன செய்வானோ அதைச் செய்தார். சுருதி அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஊரிலிருந்து தருவித்தார். எங்கள் சங்கீதத்தில் இரண்டு சுரங்களுக்கு நடுவில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். அந்த நடு எது என்று கருவியால் அளந்து, சரியாகப் பாதியில், கழுத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

எங்கள் ஊரில் அது பாதியில் இல்லை. பாதிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பயாத்தி என்ற மகாமில் இன்னும் கொஞ்சம் கீழே. மகாம் என்பது ராகம் மாதிரி. எவ்வளவு கீழே என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. "கேட்டாத் தெரியும்" என்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து, நாங்கள் இருக்கும் ஷூப்ராவில் எங்கள் தேவாலயத்து வாலிபர் சங்க மண்டபத்தில் முதல் தடவையாகத் தனியாக வாசித்தார். வெள்ளைக்காரர்களை எங்கள் ஊரில் கவாகா என்போம். கவாகா ஊத் வாசிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, கவாகா என்ன செய்தாலும் பார்க்கக்கூடியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் அக்கா தெமியானாவும் வந்திருந்தாள். மருந்தியல் கடைசி வருடம். தேவாலயப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவள். பக்கத்தில் பாடுகிறவள் ஒரு சுரம் விலகினால் முழங்கையால் இடிக்கிறவள்.

நடுவில் ஓர் இடத்தில் அவர் ஒரு சங்கதி போட்டார். நன்றாக விழுந்துவிட்டது. கூட்டத்திலிருந்து சத்தம் வந்தது.

"மறுபடி, கவாகா, மறுபடி!"

அவர் மறுபடி வாசித்தார். அதே சங்கதி, அதே வேகம், அதே நிறுத்தம். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பின்பக்கத்திலிருந்து ஒருவன் சிரித்துக்கொண்டே, "இன்னும் ஒரு தடவை!" என்றான். அவர் இன்னும் ஒரு தடவை அதையே வாசித்தார். அப்புறம் மண்டபமே கூவ ஆரம்பித்தது. அவர் ஏழெட்டுத் தடவை வாசித்தார். வியர்த்து, சிவந்து, எழுந்து தலைவணங்கினார்.

பிறகு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அவர் அக்காவிடம் வந்து நின்றதற்கு விசேஷக் காரணம் எதுவும் இல்லை. பிஸ்கட் தட்டு அவள் கையில் இருந்தது.

"நல்லா இருந்துச்சா?"

"முதல் தடவை நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அதே இருந்துச்சு."

"அவங்கதானே மறுபடின்னு கேட்டாங்க?"

"மறுபடி சோறு போடும்மான்னு கேட்டா, எங்கம்மா சாப்பிட்ட சோத்தையேவா திருப்பிப் போடுவா? அதே இடத்துக்கு வேற வழியா வாங்கன்னு அர்த்தம். நீங்க அதே வழியில எட்டுத் தடவை வந்தீங்க."

"எல்லாரும் சந்தோஷமாச் சிரிச்சாங்களே."

"சந்தோஷம்தான். குரங்கு சைக்கிள் ஓட்டினாலும் சந்தோஷமாத்தான் இருக்கும்."

அவர் பிஸ்கட் எடுக்காமல் போனார். அந்த வாரமே பெல்ஜியத்துக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. ஊத்தை ஹோட்டலிலேயே விட்டுவிட்டாராம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. மொலோகியாக் கீரையில் உப்பு கூடினால் பேசாமல் சாப்பிட்டாள். என் தலைமுடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா பயந்துபோய் அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் இரும்புச்சத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் மாதத்தில் யோரிஸ் திரும்பி வந்தார். கிட்டாரைக் கொண்டு வரவில்லை. ஹோட்டலுக்குப் போய் ஊத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கதவைத் திறந்ததும், "எட்டுத் தடவையும் வேற வேற வழியா வாசிச்சுக் காட்டணும்" என்றார். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. அக்கா சமையலறையிலிருந்து வந்து, வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள். எட்டும் வேறு வேறாக இருந்ததாம். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது.

கல்யாணத்துக்கு அவர் எங்கள் சபையில் சேர வேண்டும், அதற்கு ஞானஸ்நானம் வேண்டும். எனக்குக் குழந்தையிலேயே ஆகிவிட்டது என்று அவர் பாதிரியாரிடம் சொன்னார்.

"எவ்வளவு தண்ணி?"

"நெத்தியில கொஞ்சம் தெளிச்சாங்க."

"அது முகம் கழுவுறது" என்றார் பாதிரியார்.

முழுதாக முக்கி எடுத்தார்கள். யோரிஸ் என்பதும் கிர்கிஸ் என்பதும் ஒரே புனிதரின் பெயர்தான் என்பதால் பெயர் விஷயத்தில் தகராறு வரவில்லை.

கல்யாண விருந்தில் நான் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அக்காவிடம், "இந்த ஊர்ல எனக்கு உண்மையைச் சொன்னது நீ ஒருத்திதான். இனிமேலும் நீதான் சொல்லணும்" என்றார். அக்கா, "சரி" என்றாள். அப்புறம் சொல்லவே இல்லை. வாழ்நாள் முழுக்க அவர் வேண்டியது இந்த ஒன்றைத்தான். வீட்டில் எது வாசித்தாலும் நிறுத்திவிட்டு, "எப்படி?" என்பார். சமையலறையிலிருந்து பதில் வரும்: "நல்லா இருக்கு."

வெளியில் நிலைமை இன்னும் மோசம். ஷெஹாத்தா என்பவரின் கல்யாணக் கச்சேரிக் குழுவில் சேர்ந்தார். ஷெஹாத்தா கானூன் வாசிக்கிறவர். மடியில் கிடத்தி, நிறையத் தந்திகளை விரல் கவசத்தால் மீட்டுகிற வாத்தியம் அது. எங்கள் ஊரில் விருந்தாளியைக் குறை சொல்கிற பழக்கம் கிடையாது. கிர்கிஸ் ஓய்வு பெறும் வயது வரைக்கும் விருந்தாளியாகவே இருந்தார். பின்வரிசையில் உட்காருகிறேன் என்பார். பெண் வீட்டார் விட மாட்டார்கள்.

"கவாகாவை முன்னாடி உக்கார வைங்கப்பா. நாங்க சும்மாவா காசு குடுக்குறோம்?"

தலை நரைத்த பிறகு அவரைப் பார்த்தால் கவாகா என்று தெரியவில்லை என்று ஒரு மாப்பிள்ளை வீட்டில் வருத்தப்பட்டார்கள். ஷெஹாத்தா ஒலிபெருக்கியில் அவருடைய பழைய பெயரையும் ஊரையும் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதாயிற்று. வாசித்து முடித்ததும் எல்லோரும், "அல்லாஹ்! அல்லாஹ்! எங்களை விட நல்லா வாசிக்கிறீங்க!" என்பார்கள். அவருடைய பேச்சைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள். "ஷூப்ராவுல பொறந்தவன் மாதிரியே பேசுறீங்க." கடைசி வரைக்கும் அவருடைய பேச்சைக் கேட்டால் வாயில் சூடான உருளைக்கிழங்கு இருக்கிற மாதிரி இருக்கும்.

அவர் ஏமாளி இல்லை. அந்தப் புகழ்ச்சியை அவர் நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. சங்கீதத்தை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று துக்க வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். எங்கள் முஸ்லிம் அண்டை வீட்டார் துக்கத்துக்குத் தெருவில் பந்தல் போட்டு, குர்ஆன் ஓதுகிறவரை வரவழைப்பார்கள். மகாம்களின் உள்ளும் வெளியும் தெரிந்த மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரு பகுதி ஓதும் வரை உட்கார்ந்து, சர்க்கரை இல்லாத காப்பி குடித்து, கைகொடுத்துவிட்டுக் கிளம்புவது வழக்கம். கிர்கிஸ் முன்பின் தெரியாதவர்களுடைய பந்தலில் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக எழுந்து வருவார். பூலாக்கில் ஓர் இரும்புக் கடைக்காரர் இறந்தபோது அவருடைய மூன்று பிள்ளைகளும் இவரை ஓரமாகக் கூப்பிட்டார்கள்.

"ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. எங்க அப்பாவுக்கு ஐரோப்பாவுல இன்னொரு குடும்பம் இருக்கா?"

இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நம்பவில்லை. அடுத்த வருடம் வருட நினைவுக்கும் இவரைக் கூப்பிட்டார்கள். போனார். ஓதுகிறவர் நல்லவர் என்றார்.

இவ்வளவு கேட்டவருக்குத் தன் சுரம் மேலே இருப்பது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நான் யோசித்திருக்கிறேன். காது பந்தலில் கேட்டது. விரல் புள்ளிக்குத்தான் போயிற்று. பென்சில் புள்ளி அழிந்து அழிந்து போகிறது என்று அக்காவின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார். ஊத் மாறும்போதெல்லாம் பழையதை அளந்து புதியதில் வைப்பார். நகப்பூச்சு தீர்ந்தால் அக்காதான் வாங்கி வருவாள். இன்னொரு காரணம் ஷெஹாத்தா. கானூனில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே சின்னச் சின்னத் தகடுகள் உண்டு. தூக்கினால் சுரம் ஏறும், இறக்கினால் இறங்கும். பயாத்தி வரும்போது ஷெஹாத்தா ஒரு தகட்டைத் தூக்கி, கிர்கிஸின் சுரத்துக்குத் தன்னுடையதை ஏற்றிவிடுவார். வயலின்காரர்கள் கானூனைப் பார்த்து ஏறுவார்கள். ஒரு மனிதன் மனம் நோகக் கூடாது என்று ஒரு குழுவே ஏறி நின்றது. அந்தப் பக்கத்துக் கல்யாணக் கச்சேரிகளில் புதிதாக வந்த பையன்கள், அதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று அவர்களும் ஏற்றி வாசித்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்தது கேசட் சம்பவம் மட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா சமையலறையில் மொலோகியா அரிந்துகொண்டிருந்தாள். கிர்கிஸ் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துவிட்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வேறொருவர் வாசித்த ஊத் கேசட்டைப் போட்டார். ஒலிப்பதிவு என்று தெரியாத அளவுக்குத் துல்லியமானது. அது தனதுதான் என்று அக்கா நினைத்து 'நல்லா இருக்கு' என்று சொன்னால், அவள் கேட்பதே இல்லை என்று நிரூபித்துவிடலாம் என்பது கணக்கு.

நாலு மீட்டு ஆகியிருக்காது. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு வந்திருக்காங்க? டீ போடவா?"

கேசட் நின்றது. அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"நீ கேக்குறே. எல்லாத்தையும் கேக்குறே."

"காது இருக்கு, கேக்குது."

"அப்ப என்னோடதுல என்ன தப்பு? சொல்லு."

"நல்லா இருக்கு."

"தெமியானா!"

"நல்லா இருக்குன்னு சொல்றேன்ல. விருந்தாளி யாரும் இல்லன்னா நகரு, அடுப்புல சட்டி இருக்கு."

அவர் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். "மச்சான், உங்க அக்கா ஒரு மருந்துக் கடை" என்றார் என்னிடம். "எல்லா மருந்தும் உள்ள இருக்கு. எனக்கு மட்டும் தர மாட்டேங்குறா."

நான் சமையலறைக்குப் போய் அக்காவிடம் கேட்டேன்.

"சொல்லித் தொலைச்சா என்னக்கா?"

"ஒரு தடவை சொன்னேன். ஒரு குளிர்காலம் போச்சு. அது சின்ன விஷயம்."

"அப்ப பெரிய விஷயம் ஒண்ணு இருக்கா?"

"டேய் நஷாத், கேள்வி கேக்குற நேரத்துக்கு அந்தப் பூண்டை உரி."

பூண்டை உரித்தேன். எங்கள் பேச்சு அதோடு முடிந்தது.

வருடங்கள் போயின. ஹோட்டல் கைமாறியது. கல்யாணங்களில் வாத்தியக் குழு குறைந்து ஒலிபெருக்கிப் பெட்டி வந்தது. கிர்கிஸ் இரண்டு இசைத்தட்டு பதிவு செய்தார். அறுபது பேர் வாங்கினார்கள், அதில் நான் மட்டும் நாலு. கவாகா ஊத் வாசிக்கிறார் என்று தொலைக்காட்சியில் ஒரு தடவை காட்டினார்கள். சமையல் நிகழ்ச்சிக்கும் செய்திக்கும் நடுவே. ஒவ்வொன்றுக்கும் பிறகு வீட்டுக்கு வந்து, "எப்படி?" என்பார். "நல்லா இருக்கு."

போன வருடம் செப்டம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் இழுத்துக்கொண்டது. இடது கை மெதுவாகிவிட்டது, ஆனால் விரல்கள் அசைந்தன. அவர்கள் வீடு ஐந்தாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நான் கல்லூரியில் படித்தபோதே நின்றுவிட்டது. மருத்துவமனையிலிருந்து நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து மேலே விட்டார்கள். இனிமேல் கீழே இறங்குவது கஷ்டம் என்று எல்லோருக்கும் புரிந்தது. யாரும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, கீழே கீரைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கிர்கிஸ் நாற்காலியில் சாய்ந்து, ஊத்தை மடியில் வைத்துப் பயாத்தியில் மெதுவாக ஆலாபனை செய்தார். விரல் தடுமாறியது. சிவப்புப் பொட்டை மட்டும் தவறாமல் போய்த் தொட்டது. நிறுத்தினார். மூச்சு வாங்கியது. கேட்பதற்குப் பழகிப்போன கேள்வியைக் கேட்டார்.

"எப்படி?"

அக்கா கூடையை மேலே இழுத்தாள். கீரையை எடுத்து மேசையில் வைத்தாள். கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினாள்.

"ரெண்டாவது சுரம் மேல இருக்கு" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

"மேல இருக்கு. கொஞ்சம். கை இழுத்ததால இல்ல. எப்பவுமே மேலதான்."

"எப்பவுமேன்னா?"

"வாலிபர் சங்கத்து மண்டபத்துலேருந்து."

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். வாசலுக்குப் போகிற வழியில் அக்கா நின்றிருந்தாள். கிர்கிஸ் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருஷம்!" என்றார். "கடவுளே, கல்யாணத்துல எல்லாம்... டிவியில..."

"டிவியிலயும்தான்."

"ஷெஹாத்தாவுக்குத் தெரியுமா?"

"ஷெஹாத்தா பொண்டாட்டிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல? நான் கேட்டேன்ல? தினமும் கேட்டேன்ல?"

"போன தடவை சொன்னதுக்கு பெல்ஜியத்துக்குப் போயிட்டே."

"இப்ப மட்டும் ஏன் சொல்றே?"

"இப்ப எங்க போவே? அஞ்சு மாடி. லிஃப்டும் இல்ல."

கீழே கீரைக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். பிறகு கிர்கிஸ் சிரிக்க ஆரம்பித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பாலா என்று எனக்குத் தெரியாது. அக்கா உள்ளே போய், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தையும் பஞ்சையும் கொண்டு வந்தாள். அவர் மடியிலிருந்த ஊத்தின் கழுத்தைப் பிடித்து, ஊசி போடும் இடத்தைத் துடைப்பதுபோல அந்தப் பொட்டைத் துடைத்து எடுத்தாள்.

"இப்ப நான் எங்க வைப்பேன்?" என்றார் அவர்.

"கேளு. நான் சொல்றேன்."

அவள் சமையலறைக்குப் போய்க் கீரையை அரிய ஆரம்பித்தாள். அவர் விரலை வைத்து மீட்டினார்.

"மேல."

நகர்த்தினார்.

"இன்னும் மேலதான் இருக்கு. கிணத்துல இறங்குற மாதிரி இறங்கு, கட்டில்லேருந்து இறங்குற மாதிரி இல்ல."

நகர்த்தினார்.

"ரொம்பக் கீழ. அது துக்க வீடு. பயாத்தி துக்க வீடு இல்ல, துக்க வீட்டுக்குப் போற வழி."

இப்படியே சாயங்காலம் வரை போயிற்று. மதியச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து அக்காவால் நிறுத்த முடியவில்லை. முப்பது வருடமாக விழுங்கியது எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டு லபீப் மகள் கல்யாணத்தில் இரண்டாவது பாட்டில் எங்கே அவசரப்பட்டார், எங்கள் தங்கையின் கல்யாணத்தில் எந்த மகாமுக்குள் போய்த் திரும்ப வழி தெரியாமல் நின்றார், முதல் தட்டில் ஏழாவது நிமிடத்தில் என்ன, இரண்டாவது தட்டைப் போட்டிருக்கவே வேண்டாம் என்பது ஏன். மருந்துக் கடையில் சரக்கு இருக்கும் இடம் தெரிந்த மாதிரி எல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை நான் படியேறிப் போனால் கிர்கிஸ் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்.

"மச்சான், நேத்து என்னைக் கழுதைன்னு சொன்னா."

"எதுக்கு?"

"சபா மகாமுக்குள்ள போயிட்டு வெளிய வரத் தெரியலையாம். கழுதைக்குக்கூடத் தொழுவம் தெரியுமாம்."

வேறொருவர் தான் பட்டம் வாங்கியதைச் சொல்கிற மாதிரி சொல்வார். நான் பார்த்த கிர்கிஸ்களில் அந்த மாதங்களின் கிர்கிஸ்தான் அதிக சந்தோஷமாக இருந்தவர். மருத்துவர் வந்து, முன்னேற்றம் இருக்கிறது என்றார். "இல்ல" என்றாள் அக்கா. "மூணாவது விரல் இன்னும் சோம்பேறி."

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கி இரண்டாவது வாரத்தில், காலையில், ஃபூல் என்ற மொச்சைக் கூழும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. நாற்காலியோடு மேலே தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் கீழே தூக்கிப் போகவும் வந்தார்கள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்காகத் தேவாலயத்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். அக்கா நடுவில், நான் பக்கத்தில். சர்க்கரை இல்லாத காப்பி சுற்றி வந்தது. பெல்ஜியத்திலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்திருந்தான். எல்லோரும் அவன் கையைப் பிடித்து, நீ எங்களைவிட நன்றாக அரபி பேசுகிறாய் என்றார்கள். அவன் பேசியது ஒரே ஒரு வார்த்தை. பூலாக்கிலிருந்து இரும்புக் கடைக்காரரின் மூன்று பிள்ளைகளும் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கடைசியாக எழுந்தார்கள்.

வந்தவர்கள் அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். பாடகர் குழுவின் தலைவி, "அவர் கையில தேவதை இருந்துச்சு, தெமியானா" என்றாள்.

"நல்ல மனுஷன்" என்றாள் அக்கா. "ரெண்டாவது சுரம் மேல இருந்துச்சு."

தலைவி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். அடுத்தவர், அடுத்தவர் என்று யார் எதைப் புகழ்ந்தாலும் அக்கா நன்றி சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் திருத்தினாள். துக்கம் தலைக்கு ஏறிவிட்டது என்று பின்னால் கிசுகிசுத்தார்கள். பாதிரியார் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார்.

ஷெஹாத்தா கடைசியில் வந்தார். கிழவராகிவிட்டார். அக்காவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், அம்மா."

"சொல்லிட்டேன்."

"நல்லவேளை. எனக்குத் தைரியம் வரல. அவருக்காக முப்பது வருஷம் ஒரு தகட்டைத் தூக்கியே வெச்சிருந்தேன். இப்ப இறக்கினா எனக்கே தப்பாக் கேக்குது."

"இறக்குங்க. பழகிடும்."

அவர் தலையாட்டினார். காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்திருக்காமல் இருந்தார். கேட்க நினைத்ததைக் கேட்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"கடைசியிலயாவது வந்துச்சா?"

சுற்றியிருந்தவர்கள் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வேண்டியிருந்தது. இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அக்கா சுவரைப் பார்த்தபடி யோசித்தாள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக, ஒவ்வொரு மாலையாக.

"ரெண்டு தடவை" என்றாள். "ரெண்டு தடவை வந்துச்சு."

அந்த இரண்டு தடவையும் நான் அங்கே இருந்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. கத்திச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்று, "மறுபடி" என்றாள். அவர் மறுபடி வாசித்தார், வேறு வழியாக.